பார்க்காமலே சொன்ன ஒரு வார்த்தை

ஒரு ஓவியம் யார் வரைஞ்சதுங்கிற சண்டை கோர்ட்டுக்குப் போனா என்ன ஆகும்? இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல் உலகப் போர் முடிஞ்ச சமயம். ஹாரி ஹான்னு ஒரு அமெரிக்கப் படைவீரர், பிரான்ஸ்ல ஆந்த்ரே என்ற பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிறார். பெண் வீட்டுச் சீதனமா ஒரு பழைய ஓவியம் வருது. லூவ்ர் அருங்காட்சியகத்துல 'லா பெல் ஃபெரோனியேர்'னு ஒரு பெண்ணோட உருவப்படம் இருக்கு, லியனார்டோ டாவின்சி வரைஞ்சதா சொல்வாங்க. ஹான் தம்பதிகிட்ட இருந்ததும் கிட்டத்தட்ட அதே படம்தான். எங்களுடையதுதான் அசல்னு அவங்க நம்புனாங்க. அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டியில அதை வாங்கப் பேச்சும் நடந்துச்சு. பேசப்பட்ட விலை 2 லட்சம் டாலருக்கு மேல.

1920-ல ஒரு பத்திரிகை நிருபர் ஜோசப் டுவீன்கிட்ட இதைப் பத்திக் கேக்கறார். அன்னிக்கு உலகத்துலயே பெரிய ஓவிய வியாபாரி டுவீன்தான். ஐரோப்பியப் பிரபுக்கள் வீட்டுச் சுவத்துல இருந்த படங்களையெல்லாம் அமெரிக்கக் கோடீஸ்வரர்கள் வீட்டுக்கு மாத்தி விட்டவர். 'அது நகல், அசல் லூவ்ர்ல இருக்கு'ங்கிற மாதிரி பதில் சொல்லிட்டார். அந்தப் படத்தை அதுவரைக்கும் அவர் நேர்ல பார்த்ததே இல்லை!

பேச்சுவார்த்தை அதோட முடிஞ்சது. டுவீன் வேணாம்னு சொன்ன படத்தை எந்த அருங்காட்சியகம் வாங்கும்? எங்க சொத்தோட மதிப்பைக் கெடுத்துட்டார்னு ஆந்த்ரே ஹான் 5 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டாங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் 1923. ஹான் வீட்டுப் படத்தை பாரிஸுக்கே கொண்டுபோய், லூவ்ர் படத்துக்குப் பக்கத்துல வெச்சு நிபுணர்களைப் பார்க்கச் சொன்னாங்க. டுவீன் தரப்பு நிபுணர்கள் நகல்னுதான் சொன்னாங்க. அவங்கள்ல முக்கியமானவர் பெர்னார்ட் பெரென்சன். ஒரு படத்தைப் பார்த்தே இன்னார் வரைஞ்சதுன்னு சொல்லிடுவார்னு பேர் வாங்கினவர். ஆனா ரெண்டு சிக்கல். லூவ்ர்ல இருக்கிறதே லியனார்டோ வரைஞ்சதுதானான்னு முன்னாடி சந்தேகப்பட்டவர் அதே பெரென்சன். ரெண்டாவது, டுவீன் விற்கிற படங்களோட லாபத்துல அவருக்குப் பங்கு தர்றதா ரகசிய ஒப்பந்தம் இருந்துச்சு. கடைக்காரர்கிட்ட கமிஷன் வாங்குறவரே தராசையும் பிடிச்சா எப்படி இருக்கும்?

1929 பிப்ரவரியில நியூயார்க்ல விசாரணை. எக்ஸ்ரே படங்கள், வண்ணக் கலவை, அடுக்கடுக்கா சாட்சிகள். எதை வெச்சு முடிவு பண்றீங்கன்னு கேட்டா, அனுபவம், கண்ணோட பழக்கம்னு பதில் வருது. ஜூரிகளால அதை எப்படி எடைபோட முடியும்? கடைசியில 9 பேர் ஹான் பக்கம், 3 பேர் டுவீன் பக்கம். ஒருமித்த தீர்ப்பு இல்லாததால மறுபடி விசாரணைன்னு ஆச்சு. அதுக்குள்ள டுவீன் 60,000 டாலர் கொடுத்து சமரசம் பண்ணிக்கிட்டார்.

ஹான் தம்பதி ஜெயிச்ச மாதிரிதான் தெரியும். ஆனா காசு வந்ததே தவிர, படத்துக்குப் பேர் வரலை. நஷ்டஈடு தரலாமான்னு முடிவு பண்ண கோர்ட்டால முடியும். லியனார்டோவோட கையெழுத்தைப் போட்டுத் தர முடியாதே. ஹாரி விடலை. நிபுணர்களைத் திட்டி 1946-ல ஒரு புத்தகமே எழுதினார். படம் பல வருஷம் விக்காமலே பெட்டகத்துல கிடந்துச்சு.

டுவீன் சொன்னது சரியா தப்பா? நகல்ங்கிற வரைக்கும் அவர் சொன்னது சரின்னுதான் இன்னிக்குப் பலரும் நினைக்கிறாங்க. என்னைக் கேட்டா, அதனால அவர் பண்ணது நியாயம் ஆயிடாது. பார்க்காம சொன்னது பலிச்சிருக்கு, அவ்வளவுதான்.

2010 ஜனவரியில சோதபீஸ் நிறுவனம் நியூயார்க்ல அதை ஏலம் விட்டுச்சு. லியனார்டோன்னு போடலை, அவரைப் பின்பற்றிய யாரோ ஒருத்தர், அநேகமா 1750-க்கு முன்னாடி வரைஞ்சதுன்னு போட்டாங்க. அதிகபட்சம் 5 லட்சம் டாலர் போகும்னு கணிச்சிருந்தாங்க. போனது 15 லட்சம் டாலருக்கு மேல. இத்தனை வருஷ சண்டையோட கதையும் சேர்ந்துதானே அந்த விலை!