ரோபோவுக்குப் பெயர் வைத்தவர்

எங்கள் தொழிற்சாலையில் வெல்டிங் செய்யும் இயந்திரக் கைகளை 'ரோபோ' என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தவர் ஒரு பொறியாளராக இருப்பார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, ஓவியர். செக் நாட்டு யோசெஃப் சாப்பெக் (1887-1945).

1920இல் தம்பி காரெல் ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருந்தார். அதில் வரும் செயற்கைத் தொழிலாளிகளுக்குப் பெயர் அமையவில்லை. அண்ணனிடம் போய்க் கேட்டார். வாயில் தூரிகையைக் கடித்திருந்த அண்ணன், "ரோபோட்னு வச்சிடு" என்று முணுமுணுத்துவிட்டுத் தொடர்ந்து வரைந்தாராம். செக்கில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையடிமைகளிடம் கூலியில்லாமல் வாங்கிய வேலை. நம் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' மாதிரி.

கியூபிச உருவங்களும் விளையாடும் குழந்தைகளும் வரைந்தவர், 1937இல் 'சர்வாதிகாரியின் பூட்ஸ்' வரிசையை வரைந்தார். அதில் நாயகனே பூட்ஸ்தான். எனக்கு அவரிடம் பிடித்த கோபம் அது.

1938 கிறிஸ்துமஸ் அன்று தம்பி இறந்தார். 1939 செப்டம்பர் 1, போர் தொடங்கிய அன்றே, நாஜிகள் அண்ணனைப் பிடித்துப் போனார்கள். டாஹவ், புஹன்வால்ட், சாக்சன்ஹவுசன். முகாமிலும் வரைய வைத்தார்கள்: எஸ்.எஸ். ஆட்களின் வம்சாவளிப் படங்கள். கூலி கிடையாது. ஒளித்து ஒளித்துக் கவிதை எழுதினார்.

1945 ஏப்ரலில், பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தார். எந்தத் தேதி என்று பதிவில்லை. உடலும் கிடைக்கவில்லை.