பெர்க்லி கணினி ஊடுருவல் ஆய்வு
கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், 1986 ஆகஸ்டு மாதம், கணினி உபயோகக் கணக்கில் நேர்ந்த 75 சென்ட் வித்தியாசத்தின் காரணத்தைத் தேடப் புகுந்த வானியல் விஞ்ஞானி கிளிஃபர்ட் ஸ்டோல், அந்நியன் ஒருவன் ஈமாக்ஸ் என்னும் நிரலின் குறைபாட்டைப் பயன்படுத்தி நிர்வாகியின் சர்வ அதிகாரத்தையும் அபகரித்திருந்ததைக் கண்டறிந்தார். அற்பத் தொகையென்று தள்ளிவிடாத அந்தப் பிடிவாதமே இவ்வாய்வின் ஜீவன் எனலாம். ஊடுருவியவன் கணினியின் பதிவேடுகளைத் திருத்திவிடக்கூடுமாதலால், அவற்றை நம்பியிராமல், வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, அவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அவனறியாதவாறு காகிதத்தில் பதிவாகும்படி செய்தார். நுழைந்த வழியை உடனே அடைக்காமல் பொறுத்திருந்ததும் இதன்பொருட்டே. பின்னர், போலி இராணுவ ஆவணங்களை இரையாக வைத்து அவனை நெடுநேரம் இணைப்பில் நிறுத்தவே, தடம் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் முடிந்தது. களவாடிய தகவல்கள் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.க்கு விற்கப்பட்டமையும் வெளிப்பட்டது.