மாதிரி வானூர்தி மின்னணுக் கருவிகளின் பாதுகாப்பு

மாதிரி வானூர்தி மின்னணுக் கருவிகளின் பாதுகாப்பு என்பது, எரிபொருளால் இயங்கும் சிறு வானூர்திகளின் அலைவாங்கி, செர்வோ, மின்கலம், இக்னீசன் பெட்டி ஆகியவற்றைப் பொறியின் அதிர்விலிருந்தும் வெப்பத்திலிருந்தும் காக்கும் முறைகளைக் குறிக்கும். அலைவாங்கி செயலிழந்தால் இயக்குபவரின் கட்டளை வானூர்தியைச் சென்றடையாது. அது ஆட்கள் மீது விழக்கூடும்.

அதிர்வு

நிமிடத்திற்கு 12,000 முறை சுழலும் ஒற்றை உருளைப் பொறி, நொடிக்கு 200 முறை அதிர்கிறது. இதனால் பற்றாசு இணைப்புகளில் விரிசல் ஏற்படும். கம்பி இணைப்பிகள் தளரும். எனவே அலைவாங்கியை நுரைப்பஞ்சில் தளர்வாகச் சுற்றி வைப்பர். இறுக்கிக் கட்டினால் நுரை அமுங்கி அதிர்வைக் கடத்தும். செர்வோக்கள் இரப்பர் வளையங்களின் மீது பொருத்தப்படுகின்றன. வளையத்தினுள் உள்ள பித்தளைக் குழல், திருகு இரப்பரை நசுக்காமல் தடுக்கிறது. விசிறியைச் சமநிலைப்படுத்தினால் அதிர்வு தோன்றுமிடத்திலேயே குறையும்.

வெப்பம்

நுரைப்பஞ்சு அதிர்வைத் தடுப்பதோடு வெப்பத்தையும் அடைத்து வைக்கிறது. ஆகவே, சூடாகும் மின்னழுத்தச் சீராக்கி, இக்னீசன் பெட்டி போன்றவற்றை முழுவதும் சுற்றாமல், இரப்பர் தாங்கிகளின் மீது காற்றோட்டத்தில் பொருத்த வேண்டும். சூடான காற்று விரிவடைவதால், வெளியேறும் துளை உள்நுழையும் துளையைவிடப் பெரிதாக இருத்தல் வேண்டும். மின்பகுளி மின்தேக்கியின் வெப்பநிலை 10 °செ உயர்ந்தால், அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

சோதனை

பறக்கவிடுமுன், பொறியை முழு வேகத்தில் இயக்கி வானலைத் தொலைவுச் சோதனை செய்வது வழக்கம். பொறி நின்றிருக்கும்போது மட்டும் சோதித்தால், அதிர்வினால் வரும் பழுது புலப்படாது. ஆளில்லா வானூர்திகளுக்கென, திருப்பெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் பொதுச் சோதனை மையம் அமைக்கும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது.