உள்ளூர் விலாசங்கள்

‘மேக்காலத் தோட்டம்’ என்னும் பெயர் பொள்ளாச்சிப் பக்கத்திலும் உண்டு, அவிநாசிப் பக்கத்திலும் உண்டு. ஊருக்குள் யாரும் அதனால் வழி தவறுவதில்லை. ஆயின் அப்பெயரை மட்டும் எழுதிக் கடிதம் ஒன்றைக் கோவையில் தபாலிற் சேர்த்தால், தபால்காரர் என் செய்வார்? கணினிகளுக்கும் இத்தகைய உள்ளூர் விலாசங்கள் உண்டு. அவற்றின் வரலாற்றையே, மாணவர்களே, இன்று காணப் புகுகிறோம்.

1981ஆம் ஆண்டு வகுத்த விதிப்படி, இணைய விலாசம் என்பது நான்கு எண்களால் ஆயது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையலாம். ஆகவே மொத்தம் ஏறத்தாழ 429 கோடி விலாசங்களே கிட்டும். அன்று அது வற்றாத கடலாகத் தோன்றிற்று. பத்தே ஆண்டுகளில் தரை தெரியலாயிற்று. எனவே மூன்று தொகுதிகளை உள்வீட்டுப் பயனுக்கென ஒதுக்கினர். 1996 பிப்ரவரியில் அவ்விதி இன்றைய வடிவம் பெற்றது. 10 எனத் தொடங்குவன ஒரு தொகுதி, 172.16 முதல் 172.31 வரை மற்றொன்று. உங்கள் இல்லத்து வைஃபைப் பெட்டியில் பெரும்பாலும் காணும் 192.168 மூன்றாவது. யாரையும் கேளாமல் எவரும் இவற்றை வைத்துக்கொள்ளலாம். பொது இணையத்தில் இவை செல்லா. இவற்றுள் 10 என்பது இணையத்தின் மூதாதையான அமெரிக்க ‘அர்ப்பாநெட்’ வலைக்கு உரியதாய் இருந்தது. 1990இல் அவ்வலை மூடப்பட்டது. பாட்டனார் நிலத்தை ஊர்ப்பொதுவில் விட்டாற்போல், அவ்வெண் பின்னர் எல்லோர்க்கும் உரியதாயிற்று.

கணினிகளை வாடகைக்கு விடும் மேகக் கணினி நிறுவனங்கள் இவ்வெண்களாலேயே வாழ்கின்றன. மைக்ரோசாப்ட் 2015இல் சென்னையில் ஒரு நிலையம் அமைத்தது. அங்கே திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றும் கோவைப் பம்பு ஆலை ஒன்றும் இடம் பிடிப்பதாகக் கொள்வோம். இரண்டின் முதற்கணினிக்கும் 10.0.0.4 என்றே விலாசம் அமையலாம். அதற்கு முந்திய எண்களை நிறுவனம் தனக்கென நிறுத்திக்கொள்கிறது. ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் வருகைப் பதிவேட்டில் 4ஆம் எண்ணுக்குரிய மாணவர் உண்டு, ஆசிரியர் குழம்புவதுண்டா?

இனி, 169.254.169.254 என்னும் விலாசம். அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் மூன்றிலும் இதுவே எண். வாடகைக் கணினி ‘நான் யார்? எனக்குரிய திறவுகோல் எது?’ என்று இங்கே கேட்டறியும். வெளியார்க்கு எட்டாது என்ற துணிவால், கேட்டவுடன் விடை கொடுக்கும்படி அமேசான் அமைத்திருந்தது. 2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் வெளியார் ஒருவர், உள்ளிருந்த கணினியையே ஏமாற்றித் தமக்காகக் கேட்கச் செய்தார். திறவுகோல் வெளியே வந்தது. 10 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் களவு போயின. வெளியார் உள்ளே வரவேண்டியதே இல்லை என்பதை அன்று உலகம் கண்டது. அவ்வாண்டு நவம்பரில் அமேசான் புதுமுறை ஒன்றைக் கொணர்ந்தது. அதன்படி, கேட்கும் கணினி முதலில் ஓர் அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும். அதனைக் காட்டிய பின்னரே விடை கிடைக்கும்.