மான்சூன் என்பது காற்று

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் சாலையோரத்தில் ஆள் இறங்கி நடக்கிற ஆழத்துக்கு வெட்டி, சிமெண்டு பூசிய கால்வாய்கள் உண்டு. பேச்சில் அதற்கு மலாய்ச் சொல்லான லோங்காங்தான் பெயர். ஆங்கிலத்தில் அது 'மான்சூன் டிரெய்ன்'. பிற்பகலில் வானம் இருட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தால், அந்தக் கால்வாயில் விளிம்பு வரை செம்மண் நீர் புரண்டோடும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மான்சூன் என்றாலே மழை என்று படுவது இயல்பு. ஆனால் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அந்தச் சொல்லில் ஒரு துளி ஈரம்கூட இல்லை. அது காற்றின் பெயர். ஆண்டின் ஒரு பாதியில் ஒரு திசையிலிருந்தும், மறு பாதியில் எதிர்த் திசையிலிருந்தும் வீசும் காற்றின் பெயர். கிள்ளான் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அந்தப் பழைய பொருளே சரியானது. மழை என்ற பொருள் இந்தியாவின் வயல்களிலிருந்து வந்து இங்கே பொருந்தாமல் நிற்கிறது என்பது என் வாதம்.

சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது. மவ்சிம் என்றால் பருவம், ஒன்றுக்கென்று குறித்த காலம். கப்பல் புறப்பட ஏற்ற காலம் என்ற பொருளில் அதைக் கடலோடிகள் புழங்கினார்கள். போர்த்துக்கீசியர் வழியாக அது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. 1686இல் எட்மண்ட் ஹாலி வாணிபக் காற்றுகளையும் மான்சூன்களையும் பற்றிக் கட்டுரை எழுதி வரைபடம் போட்டபோது, கடல்மேல் காற்று வீசும் திசைகளைத்தான் வரைந்தார். அதே அரபுச் சொல் மலாயில் முசிம் ஆனது. இன்றும் டுரியான் காலத்தை முசிம் டுரியான் என்கிறார்கள். பிற்காலத்தில் ஐரோப்பியர் வாய்வழியாக அது இன்னொரு முறை வந்து, மொன்சுன் என்று வானிலை அறிக்கைகளில் நிற்கிறது. ஒரே சொல் இரண்டு வழிகளில் வந்து, பழம் பழுக்கும் காலத்துக்கு ஒரு வடிவமாகவும் காற்றுக்கு ஒரு வடிவமாகவும் தங்கிவிட்டது. பழைய மலாய் வழக்கு உலகத்தையே காற்றால் பிரித்தது. மலாய் உலகம் காற்றுக்குக் கீழே உள்ள நாடு. இந்தியாவும் அரபு நாடும் பாரசீகமும் காற்றுக்கு மேலே உள்ள நாடுகள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர் அந்தக் கணக்கில் 'ஒராங் அத்தாஸ் ஆங்கின்', அதாவது காற்றுக்கு மேலுள்ள ஆட்கள். ஒரு மக்களை மழையால் அல்ல, காற்றால் அடையாளம் கண்ட வழக்கு இது. தென்மேற்குக் காற்றில் கிழக்கே வந்து வடகிழக்குக் காற்றில் திரும்பியவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இருந்திருக்க முடியாது. 1512ஐ ஒட்டி மலாக்காவில் இருந்த தோமே பிரஸ் என்ற போர்த்துக்கீசியரும், ஒரு காற்று முடிந்து மறு காற்று தொடங்கும் இடத்தில் அமைந்ததையே அந்தத் துறைமுகத்தின் வளத்துக்குக் காரணமாகக் கண்டார்.

அப்படியானால் காற்று எப்போது மழை ஆயிற்று? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டு மாற்றங்கள் ஒருசேர நடந்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. காற்றுக்காகத் துறையில் காத்துக் கிடக்கும் தேவை குறைந்துகொண்டே போனது. தமிழ்நாட்டிலோ 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்தால் உயிரும் போகும், வரியும் போகும் என்று கண்ட அரசுக்கு மான்சூன் என்ற சொல் புதிதாகத் தேவைப்பட்டது. 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட், 1886 முதல் பருவமழை பற்றிய முன்னறிவிப்பை வெளியிட்டார். மாலுமியின் கையிலிருந்த சொல் வருவாய்த் துறையின் கைக்குப் போனது என்று சொல்லலாம். இந்தியாவில் அதில் தவறில்லை. அங்கே காற்றும் மழையும் கைகோத்து வருகின்றன. தென்மேற்கு மான்சூன் கேரளத்தைத் தொட்டது என்றால் மழை தொட்டது என்றுதான் பொருள். பஞ்சத்துக்குப் பின் மலாயாத் தோட்டங்களுக்குப் பெயர்ந்தவர்களும், அவர்களுக்குப் பின்னால் 1926இல் கட்டிய 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறிப் போர்ட் சுவெட்டன்ஹாமில் (இன்றைய கிள்ளான் துறைமுகத்தில்) இறங்கியவர்களும் காற்றின் திசை பார்த்துப் புறப்பட்டவர்கள் அல்லர். அவர்களோடு வந்தது ஐப்பசி மழையின் நினைவு. கிள்ளானிலும் ஐப்பசியில் மழை கொட்டியது, தீபாவளி நனைந்தது. மான்சூன் என்றால் மழைதான் என்பதைச் சந்தேகப்படக் காரணமே இல்லை.

ஆனால் அந்த ஒற்றுமை தற்செயலானது. கோலாலம்பூர் வட்டாரத்தில் மழை உச்சம் தொடுவது அக்டோபர், நவம்பரிலும், அடுத்தபடியாக ஏப்ரல், மே மாதங்களிலும். பெரும்பகுதி இவை ஒரு காற்று ஓய்ந்து மறு காற்று இன்னும் வலுக்காத இடைக்காலங்கள். காற்று தளர்ந்திருப்பதால்தான் காலை வெயிலில் சூடேறிய தரை மேகத்தைத் திரட்டி, பிற்பகலில் இடிமழையாகக் கொட்டுகிறது. தென்மேற்குக் காற்று நிலைபெற்ற ஜூன், ஜூலைதான் இங்கே ஆண்டிலேயே மழை குறைந்த காலம். எதிரே கிடக்கும் சுமத்ராத் தீவு அந்தக் காற்றின் ஈரத்தைத் தடுத்துக்கொள்கிறது. அந்தப் பருவத்தில் வரும் மழையிலும் ஒன்று தனி ரகம். இரவில் மலாக்கா நீரிணைமேல் மேகம் வரிசை கட்டி, விடியும் முன்னே பலத்த காற்றோடு கரையில் மோதும். 'சுமத்ராஸ்' என்று அதற்கு ஆங்கிலத்தில் பெயர். பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், இந்த வேறுபாடு கூலியைத் தொடும். பிற்பகல் மழை பெய்யும்போது பால் எடுத்து முடிந்திருக்கும். மரம் மறுநாளைக்குள் காய்ந்துவிடும். விடியற்காலை மழையோ பெரட்டு நேரத்தில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வேளையில், பட்டையை நனைத்துவிடும். அந்த ஈரத்தில் வெட்டினால் பால் காடியில் நில்லாமல் மரத்தின் மேலேயே வழிந்து வீணாகும். இரண்டையும் மான்சூன் மழை என்று ஒரே பெயரில் அடக்கினால், தோட்டத்து மக்கள் உடம்பால் அறிந்திருந்த ஒன்று சொல்லில் மறைந்துபோகிறது.

வழக்கில் எல்லோரும் சொல்வதுதானே பொருள், அகராதிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டனவே என்று கேட்கலாம். சொற்கள் பொருள் மாறுவதை நான் மறுக்கவில்லை. இந்தியாவில் அந்த மாற்றத்துக்குக் கண்கூடான காரணம் இருந்தது, கிள்ளானில் இல்லை. வலுவான மறுப்பு வேறொன்று. கோலாலம்பூரை மூழ்கடித்த 1926, 1971 வெள்ளங்களும், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த 2021 வெள்ளமும் டிசம்பர், ஜனவரியில்தானே வந்தன? அவை வடகிழக்கு மான்சூன் காலம் இல்லையா? ஆம். வழக்கமாக அந்தக் காற்றின் ஈரத்தைத் தித்திவங்சா மலைத்தொடர் கிழக்குக் கரையிலேயே இறக்கிவிடும். கிளந்தானும் திரங்கானுவும் நனையும்போது மேற்கே மழை குறையும். ஆனால் 2021இல் குவாந்தான் அருகே கரையேறிய தாழ்வழுத்தம் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தது. விதிவிலக்கை விதிவிலக்காகக் காண்பதற்கே அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மான்சூன் என்றால் மழை என்று வைத்துக்கொண்டவருக்கு, அன்றாட இடிமழைக்கும் அந்த டிசம்பர் வெள்ளத்துக்கும் வேறுபாடு அளவில் மட்டுமே தெரியும்.

2005 ஆகஸ்ட் 11இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அரசு அவசரநிலை அறிவித்தது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. சுமத்ராக் காடுகளிலும் தோட்டங்களிலும் எரிந்த தீயின் புகையை நீரிணை தாண்டிக் கொண்டுவந்தது தென்மேற்கு மான்சூன். மழை என்ற பொருளை வைத்துக்கொண்டு அந்த ஆகஸ்டை விளக்கவே முடியாது. காற்று என்ற பொருளில் ஒரு வரியில் விளங்கிவிடும். தமிழுக்கு இது புதிய பாடமும் அல்ல. கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று நான்கு திசைக்கும் காற்றுப் பெயர் வைத்த மொழி இது. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலைக்கு வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத்தவரின் ஊர்ப்பேச்சில் வாடையும் சோழகமும் கச்சானும் காற்றாகவே இருந்தன. பருவக்காற்று என்ற சொல்லும் கையில் இருக்கிறது. ஜூலையில் நீரிணை தாண்டிப் புகை வந்தால் ஆங்கிலத்தில் தாராளமாக மான்சூன் என்று எழுதலாம். அக்டோபர் மாலையில் லோங்காங் நிரம்பி வழிந்தால் மழை என்று எழுதினால் போதும்.