இடைச்சொல்லும் இயந்திர நினைவகமும்

நூற்பொருளை ஆராய்வார்க்குச் சொல்லடைவு இன்றியமையாத கருவியாம். பெருந்தொகை நூல்களுக்கு அதனை வகுக்கப் புகுந்தோர், இடம் போதாமை கருதி, அடிக்கடி வழங்குஞ் சிறு சொற்களை விலக்கிவிடுதல் நெடுநாள் வழக்காயிற்று. அவ்விலக்கால் நேருங் கேட்டை நன்குணர்ந்தவர் இத்தாலிய தேசத்து ஏசு சபைத் துறவி ரொபர்ட்டோ புசா (1913–2011) என்பவர்.

தாமஸ் அக்குவினாஸ் நூல்களில் 'சந்நிதி' பற்றிய கொள்கையை அவர் ஆராயப் புக்கார். அப்பொருளுடைய பெயர்ச்சொற்களைத் தேடியவழிக் கருத்து முற்றும் அகப்பட்டிலது. இலத்தீன மொழியில் 'உள்' எனப் பொருள்படும் ஓரிடைச்சொல்லிலேயே அது தங்கியிருந்தது. அச்சொல் வரும் வாக்கியங்களை ஏறத்தாழ 10,000 சீட்டுக்களிற் கையால் எழுதி ஆய்ந்து, 1946-இல் தம் ஆராய்ச்சியை நிறுவினார். சைவர்க்கு இது வியப்பன்று. அத்துவிதம் என்னுஞ் சொல்லின் முதனின்ற ஓரெழுத்து யாது பொருட்டு என்பதன்மேலன்றோ சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் நிகழ்த்திய வாதம் நிற்கின்றது!

1949-இல் நியூயார்க்கு சென்ற புசா, ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைக் கண்டு துணை பெற்றார். துளைச்சீட்டுப் பொறி ஒருகால் ஒரு சீட்டையே நோக்குவது; நூல் முழுமையும் தன்னுட் டாங்கவேண்டுவதில்லை. பின்னர்க் கணிப்பொறியும் உதவ, ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்களின் அடைவு 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக வெளிப்போந்தது. சிறு சொற்கள் அதனுட் கழிக்கப்பட்டில.

கணிப்பொறியில் நேரும் இடரோ வேறு. சொற்களையும் அவை வருமிடங்களையும் நினைவகத்தே ஒருங்கு குவிப்பின், நூற்றொகை பெருகுந்தோறும் அது நிரம்பிப் பணி நடுவே முறியும். உடனே சிறு சொற்களைத் தள்ளுதல் எளிய பரிகாரம். 1950-களின் இறுதியில் லூன் என்பார் அமைத்த அடைவுமுறையும் அவற்றை விலக்கியதே. தலைப்புக்களைத் தேடுதற்கு அது போதும். சாத்திர ஆராய்ச்சிக்குப் போதாது.

தக்க பரிகாரம் பகுத்துச் செய்தலாம். நினைவகங் கொள்ளுமளவு படித்து, அகரவரிசைப்படுத்தி, வட்டில் எழுதிவைத்து, நினைவகத்தை வெறிதாக்கி அடுத்த பகுதி தொடங்கல் வேண்டும். ஈற்றில் ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலுள்ள சிறு கூற்றை மட்டும் நினைவகத்திற் கொணர்ந்து, முற்பட்ட சொல்லை எடுத்தெடுத்து ஒன்றாக இணைப்பர். இவ்விணைப்பு முறையை 1945-இலேயே வான் நியூமன் கணிப்பொறிக்கென எழுதினார்.

இடவெண்களை முழுமையாகக் குறியாது இடைவெளியை மட்டுங் குறித்தலும் உண்டு: 1200, 1203, 1208 என்பன 1200, 3, 5 என நிற்கும். அடுத்தடுத்து வருஞ் சொல்லுக்கு இடைவெளி சிறிதாதலின், இடம் அடைக்குமென்று தள்ளப்பட்ட சிறு சொற்களின் நிரலே இம்முறையான் மிகச் சுருங்குவது.