மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: வீடு திரும்பிய பின் பயிற்சியே பாதி மருத்துவம்

புதுடெல்லி: பிரதமர் பதவியில் இருந்தபோதே அடல் பிகாரி வாஜ்பாய் 2000 அக்டோபரில் இடது முழங்காலிலும், 2001 ஜூனில் வலது முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இரண்டாவது சிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஐந்து வாரங்களில் அவர் ஆக்ரா உச்சி மாநாட்டில் பங்கேற்றார். அக்காலத்தில் வசதி படைத்தோருக்கே எட்டிய இச்சிகிச்சை இன்று பரவலாகியுள்ளது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. பெரிதும் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகையின் விலை ஜிஎஸ்டி நீங்கலாக ரூ.54,720 ஆனது. எனினும் அந்த வரம்பு கருவிக்கு மட்டுமே. பின்னர் தேவைப்படும் பிசியோதெரபிக்கு அல்ல. செலவை மிச்சப்படுத்த எண்ணுவோர் முதலில் கைவிடுவதும் அதையே.

அறுவை சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கர் துணையுடன் நோயாளி நடக்க வைக்கப்படுகிறார். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும். தொடைத் தசையை இறுக்கிச் சில நொடிகள் நிறுத்துதல், குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி முழங்காலை மடக்குதல், காலை நேராக உயர்த்துதல் ஆகியவை அடுத்து வருபவை. நாற்காலியிலிருந்து எளிதாக எழ முழங்கால் சுமார் 90 பாகை மடங்க வேண்டும். மடக்குவதைப் போலவே முழுமையாக நீட்டுவதும் முக்கியம். இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது வழக்கமான தவறு. கால் வளைந்தபடியே இறுகிவிடக்கூடும். முதல் சில வாரங்களில் பயிற்சியைத் தவிர்த்தால் உள்ளே தழும்புத் திசு வளர்ந்து மூட்டு விறைக்கும். சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிட நேரிடுகிறது.

படியேறும்போது நல்ல காலையும், இறங்கும்போது அறுவை சிகிச்சை செய்த காலையும் முதலில் வைக்க வேண்டும்.

இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்குக் கட்டுப்பாடுகள் வேறு. குறிப்பாக, பின்புறமாகக் கீறி மூட்டு பொருத்தப்பட்டவர்கள் முதல் ஆறு முதல் 12 வாரங்களுக்கு இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கவோ, கால்மேல் கால் போடவோ, பாதத்தை உட்புறம் திருப்பவோ கூடாது. மூட்டு நழுவும் அபாயம் உண்டு. தரையில் சம்மணமிட்டு உண்பதும் இந்தியக் கழிப்பறையும் வழக்கமாக உள்ள வீடுகளில், உயரமான நாற்காலியையும் கழிப்பறை இருக்கையையும் அறுவை சிகிச்சைக்கு முன்பே ஏற்பாடு செய்வது நல்லது.

பயிற்சிக்குப் பின் சிறிது வலியும் வீக்கமும் இயல்பே. ஐஸ் ஒத்தடம் போதும். ஆனால் கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் வலியும், காயத்தில் கசிவு, காய்ச்சல் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் தாமதமின்றி 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.